கம்ப்ளீஷன் தேதி: அவங்க ஆகஸ்ட் 8ங்கறாங்க, எனக்கு ஆவணி வேணும். எப்படிப் பேசறது?

சவுத்ஹாரோ சித்ரா | ஜூலை 8, 2025, இரவு 10.40

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் முதல் தடவையா வீடு வாங்கறோம். லண்டன் சவுத் ஹாரோவில ரெண்டு பெட்ரூம், வரிசையில கடைசி வீடு. 445,000 பவுண்டுக்கு ஏப்ரல்லயே பேசி முடிச்சாச்சு. சர்வே, கவுன்சில் சர்ச்சஸ் (வீட்டைப் பத்தி உள்ளாட்சியில விசாரிக்கறது) எல்லாம் வந்துடுச்சு. எக்ஸ்சேஞ்ச்தான் (ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மாத்திக்கறது) பாக்கி. இப்ப கம்ப்ளீஷன் (பணம் போய் சாவி கைக்கு வர்ற நாள்) தேதியில வந்து முட்டிக்கிட்டு நிக்குது.

விக்கறவங்க தனியா இருக்கற ஒரு பெரியம்மா. டெவன் பக்கம் ஒரு பங்களோ வாங்கிட்டுப் போறாங்க. (நம்ம ஊர் பங்களா இல்ல, மாடி இல்லாத சின்ன வீடு.) ஏஜென்ட் போன் பண்ணி, "ஆகஸ்ட் 8 வெள்ளிக்கிழமை கம்ப்ளீஷன். இல்லேன்னா வீடு திரும்ப மார்க்கெட்டுக்குப் போயிடும்"னார்.

எங்க வாடகை அக்ரிமென்ட் செப்டம்பர் 14 வரைக்கும் இருக்கு, மாசம் 1,650 பவுண்ட். மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) ஆஃபர் செப்டம்பர் 19 வரைக்கும்தான். இதுக்கு நடுவுல கும்பகோணத்துல எங்கம்மா தினமும் ரெண்டு போன். "ஆடியில வீட்டுச் சாவியைக் கையில வாங்காதடி." ஆடி ஆகஸ்ட் 16ல முடியுது.

ஆகஸ்ட் 29 முடியுமான்னு கேட்டேன். ஏஜென்ட்டோட குரலே மாறிப்போச்சு. மூணு வாரம் கேட்டது அவ்வளவு பெரிய தப்பா? விலை பேசறதுக்காவது யூடியூப் இருக்கு, தேதி பேசறதுக்கு ஒண்ணையும் காணோம்.


குரோய்டன் மச்சான் | ஜூலை 8, இரவு 11.05

நாலரை லட்சம் பவுண்ட் வீட்டை (சரி, கொஞ்சம் கம்மி) ஆடிக்காக விட்டுடாதீங்க. 8ஆம் தேதிக்குச் சரின்னு சொல்லிட்டு, அதுக்குப் பதிலா விலையில 5,000 குறைக்கச் சொல்லுங்க. அம்மாகிட்ட சாவி ஆவணியிலதான் வந்துச்சுன்னு சொல்லிக்கலாம்.


பத்திரக்கட்டு | ஜூலை 9, காலை 7.15

வணக்கம் தங்கச்சி. நான் இஞ்ச ஒரு கன்வேயன்சிங் (வீடு கைமாறுற சட்ட வேலை) ஒபிசிலை கன வருசமா வேலை செய்யிறன். நான் சொல்லுறதைப் பொதுவா எடுங்கோ, உங்கட கேசுக்கு உங்கட லோயர்தான்.

முதல் விசயம், எக்ஸ்சேஞ்ச் நடக்கும் வரைக்கும் இங்கிலாந்திலை ஒருத்தரும் ஒருத்தருக்கும் கட்டுப்பட்டவை இல்லை. அதாலைதான் ஏஜென்ட் வெருட்டிறார். ஆனா அந்தக் கத்தி ரெண்டு பக்கமும் வெட்டும். ஏப்ரலிலை தொடங்கின வேலை ஜூலையிலைதான் இந்த இடத்துக்கு வந்து நிக்குது. விக்கிற மனிசி இப்ப வேற ஆளைப் பிடிச்சால் திரும்ப முதலிலை இருந்து சர்வே, மோட்கேஜ், சர்ச்சஸ், லோயர்மாரின்ர கேள்வி பதில். ஆகஸ்டிலை போகவேணும் எண்டு அவசரப்படுற மனிசி ஜூலையிலை வீட்டைத் திரும்ப மார்க்கெட்டிலை போடுவாவோ? அப்பிடிப் போட்டால் நத்தாருக்கும் அங்கதான் நிப்பா.

கம்ப்ளீஷன் தேதி எக்ஸ்சேஞ்ச் அண்டைக்கு ஒப்பந்தத்திலை எழுதப்படும். லோ சொசைட்டியின்ர (லோயர்மாரின்ர சங்கம்) பொது நிபந்தனைகளிலை தேதி ஒண்டும் போடாமல் விட்டால் ஒப்பந்தத் தேதியிலையிருந்து 20 வேலை நாள் எண்டு இருக்கு. அதுதான் சட்டம் நினைக்கிற "சாதாரண" இடைவெளி. ஒரு கிழமையிலை ரெண்டையும் முடிக்கிறது ஆக்களின்ர அவசரம், சட்டத்தின்ர அவசரம் இல்லை.

பிறகு பின்னாலையிருந்து எண்ணிப் பாருங்கோ. கடன் குடுக்கிற வங்கிக்கு உங்கட லோயர் காசு அனுப்பச் சொல்லிக் கேக்க, வழக்கமா அஞ்சு வேலை நாள் வேணும். லைஃப்டைம் ஐசா (முதல் வீட்டுக்கு அரசாங்கமும் காசு சேர்க்கிற சேமிப்புக் கணக்கு) வச்சிருக்கிறியளோ? வீட்டு விலை அதின்ர எல்லையான 450,000க்குக் கீழை எண்டபடியால் கேக்கிறன்.


சவுத்ஹாரோ சித்ரா | ஜூலை 9, காலை 8.02

ஐயோ, ஆமா. ரெண்டு பேருக்கும் இருக்கு. இன்னும் எடுக்கச் சொல்லலை.


பத்திரக்கட்டு | ஜூலை 9, காலை 8.20

அப்ப இண்டைக்கே லோயரிட்டைக் கதையுங்கோ. அந்தக் காசு வந்துசேர நேரம் எடுக்கும். வந்த நாளிலையிருந்து 90 நாளுக்குள்ளை வாங்கி முடிக்கவேணும். முந்தியும் எடுக்கேலாது, பிந்தியும் எடுக்கேலாது. ஆகஸ்ட் 8 உங்களுக்கு ஏலாது எண்டு சொல்ல இதுவே ஒரு நல்ல காரணம், பொய்யும் இல்லை. ஏஜென்டுக்கு ஆடி விளங்காது, ஐசா விளங்கும்.


ஈலிங் அண்ணை | ஜூலை 9, மதியம் 1.30

தேதி எதுவா இருந்தாலும் வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம் பிள்ளை. நான் பட்டனான்.

கிரீன்ஃபோர்டிலை வீடு வாங்கேக்க செயினிலை (ஒருத்தர் தன்ர வீட்டை வித்து மற்றவரிட்டை வாங்கிற வரிசை) அஞ்சு வீடு. எல்லாரும் வெள்ளிக்கிழமைதான் கேட்டவை, சனி ஞாயிறு சாமான் அடுக்கலாம் எண்டு. பன்னிரண்டு மணிக்கு எங்கட வான் புது வீட்டு வாசலிலை நிக்குது. உள்ளுக்கை விக்கிற மனிசன் இன்னும் கேத்திலைப் பெட்டிக்குள்ளை வைக்கிறான். காசு கீழ் வீட்டிலையிருந்து மேல் வீட்டுக்கு ஒவ்வொரு லோயரா ஏறிப் போகவேணும். கூட்டுக்குடும்பத்திலை சாப்பாட்டுப் பாத்திரம் கைமாறிற மாதிரி, ஒருத்தர் பிடிச்சு வைச்சால் கடைசி ஆளுக்குப் பட்டினிதான். என்ர பழைய வீட்டை வாங்கின பெடியன்ர வங்கி ஏதோ பாதுகாப்புக் கேள்வி கேட்டு நாலு மணி வரைக்கும் காசை விடேல்லை. எங்கட லோயருக்கு வரேக்க நாலு நாப்பது. அங்காலை அனுப்ப நேரமில்லை. ஏஜென்ட் அஞ்சரைக்குக் கடையைப் பூட்டிப் போட்டான். சாப்ஸ் (வங்கியள் பெரிய தொகை அனுப்பிற) முறையிலை சனி ஞாயிறு காசு போகாது. அவ்வளவுதான்.

மூண்டு இரவு வெம்பிளியிலை மச்சாள் வீட்டிலை நிண்டம். பிள்ளையளின்ர பள்ளிக்கூட உடுப்பு, என்ர பிரஷர் மாத்திரை, மனிசியின்ர புட்டுக்குழல், எல்லாம் பூட்டின வானுக்குள்ளை. வான்காரனுக்குத் தனிக் காசு. வட்டி வேற, மேலை உள்ளவனுக்கு நான் கட்ட, கீழை உள்ளவன் எனக்குக் கட்ட. பின்னேரம் ரெண்டு மணிக்குப் பிறகு வாற காசு அடுத்த வேலை நாள் வந்த மாதிரித்தான் கணக்கு. வெள்ளி எண்டால் அடுத்த வேலை நாள் திங்கள்.

செவ்வாய், புதன், வியாழன் கேளுங்கோ. பிழைச்சாலும் அடுத்த நாள் இருக்கு.


குரோய்டன் மச்சான் | ஜூலை 9, மதியம் 1.44

புட்டுக்குழல் இல்லாம மூணு நாள். இதுக்குத்தான் நஷ்டஈடு கேட்டிருக்கணும் அண்ணே.


மில்டன்கீன்ஸ் மாலா | ஜூலை 9, மாலை 6.10

சித்ரா, வாடகை வீட்டுக்கு இன்னும் நோட்டீஸ் குடுக்கலை இல்ல? குடுக்காதீங்க. எக்ஸ்சேஞ்ச் ஆகிற வரைக்கும் வாயே திறக்காதீங்க.

நாங்க "அடுத்த வாரம் எக்ஸ்சேஞ்ச்"ங்கற பேச்சை நம்பி நோட்டீஸ் குடுத்தோம். வாங்கினது ஃபிளாட். கட்டட நிர்வாகத்துகிட்டருந்து வர வேண்டிய காகிதம் வரவே இல்ல. அடுத்த வாரம் அடுத்த வாரம்னு ஆறு வாரம் ஓடிப்போச்சு. வீட்டுக்காரர் வேற ஆளுக்குக் குடுத்துட்டார். லூட்டன்ல ஒரே ரூம்ல நாலு பேர், சாமானெல்லாம் ஸ்டோரேஜ்ல. இந்தப் பக்கம் விக்கறவங்க, "உங்களுக்குத்தான் அவசரமாச்சே"ன்னு சர்வேயில வந்த கூரை ரிப்பேருக்கு நாங்க கேட்ட பணத்தைத் தரமாட்டேன்னுட்டாங்க. நம்ம அவசரம் எதிர்ப்பக்கம் தெரிஞ்சா அதுக்கும் ஒரு விலை வெச்சுடுவாங்க.

உங்களுக்குச் செப்டம்பர் 14 வரை இருக்கு. அதை ஏஜென்ட்கிட்ட சொல்லியிருந்தா இனிமே அதைப் பத்திப் பேசாதீங்க.


சவுத்ஹாரோ சித்ரா | ஜூலை 9, இரவு 9.30

சொல்லிட்டேனே! முதல் நாளே எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி. மச்சான் சொன்ன மாதிரி தேதியைக் குடுத்து விலை கேட்கலாமா? இல்ல, 8ஆம் தேதிக்குப் பதிலா தள்ளிப் போட நாம பணம் குடுக்கற வழக்கம் உண்டா? இன்னொண்ணு, முன்னாடியே சாவி வாங்கி பெயிண்ட் அடிக்க விடுவாங்கன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். அப்படின்னா ஆடிக்கு முன்னாடியே, அதாவது அடுத்த வாரமே சாவியை வாங்கிட்டா?


பத்திரக்கட்டு | ஜூலை 10, காலை 7.05

அம்மாவுக்காகச் சட்டத்தை வளைக்கப் பாக்கிறியள். வேண்டாம். எக்ஸ்சேஞ்சுக்கு முன்னம் சாவி குடுக்க எந்த லோயரும் விடார். பிறகு குடுத்தாலும், வீட்டை முழுசா உங்கட கையிலை எடுத்திட்டியள் எண்டு ஆச்செண்டால் ஸ்டாம்ப் டியூட்டிக் கணக்கு அந்த நாளிலையே தொடங்கலாம். பெயின்ற் அடிக்கேக்க குழாய் உடைஞ்சால் ஆர் பொறுப்பு எண்டதும் ஒரு சண்டை. திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போங்கோ. அதை ஒருத்தரும் மறுக்காயினம்.

காசுக் கணக்குக்கு வாறன். 8ஆம் தேதி முடிச்சால் செப்டம்பர் 14 வரைக்கும் 37 நாள் வாடகையும் கட்டி மோட்கேஜும் கட்டுவியள். அந்த வாடகை மட்டும் கிட்டத்தட்ட 2,000 பவுண்ட். அதுதான் அந்தத் தேதிக்கு உங்கட விலை. 5,000 கேட்டால் சிரிப்பினம், 1,500 கேட்டால் யோசிப்பினம். ஆனா விலையைத் தொட்டால் மோட்கேஜ்காரருக்கும் அறிவிக்கவேணும், அதுக்கும் நாள் போகும். அதாலை காசாக் கேக்கிறதை விடப் பொருளாக் கேக்கிறது சுகம். குளிர்சாதனப் பெட்டி, தோட்டக் கொட்டில், கார்பெட், அப்பிடி.

எக்ஸ்சேஞ்ச் செய்து போட்டுப் பிந்தினால் என்ன எண்டதையும் தெரிஞ்சு கொள்ளுங்கோ. ஒப்பந்த வட்டி வழக்கமா அடிப்படை வீதத்துக்கு மேலை 4 சதவீதம். இப்ப, 2025 ஜூலையிலை, இங்கிலாந்து வங்கி வீதம் 4.25, ஆக 8.25. பத்து சதவீத முன்பணம் போக மிச்சம் 400,500 பவுண்டுக்கு ஒரு நாளைக்கு 90 பவுண்ட் சொச்சம். மற்றப் பக்கம் "நோட்டீஸ் டு கம்ப்ளீட்" (முடி எண்டு கெடு வைக்கிற கடிதம்) அனுப்பினால் 10 வேலை நாள். அதுக்குள்ளையும் முடிக்காட்டில் முன்பணம் 44,500ம் போகலாம். அதாலை உங்களாலை நிச்சயமா ஏலுமான தேதிக்கு மட்டும் கையெழுத்து வையுங்கோ. ஏஜென்டைச் சந்தோசப்படுத்திற தேதிக்கு இல்லை.

அதோட, எக்ஸ்சேஞ்ச் ஆன நிமிசத்திலையிருந்து வீட்டுக் காப்புறுதி உங்கட பேரிலை இருக்கவேணும். விக்கிற மனிசி குடியிருக்கேக்க வீடு எரிஞ்சாலும் வாங்கிற கடமை உங்களுக்கு இருக்கும்.

இதெல்லாத்துக்கும் முன்னம் ஒரு கேள்வி. ஏன் 8? அதை ஆரும் அவவைக் கேட்டவையோ?


கிளாஸ்கோ கண்ணன் | ஜூலை 10, காலை 9.40

ஸ்காட்லாந்துல இந்தக் கூத்து கம்மிங்க. ஆஃபர் போடறப்பவே நம்ம சொலிசிட்டர் (லாயர்) "என்ட்ரி தேதி"யை, அதாவது சாவி கைமாறற நாளை, எழுதித்தான் அனுப்புவார். விலையும் தேதியும் ஒரே கடுதாசியில போயிடும். நாங்க விலையைக் கூட்டாம, விக்கறவருக்குத் தோதான தேதியைப் போட்டே ஒரு வீட்டைப் பிடிச்சோம். நீங்களும் ஏப்ரல்லயே இதைப் பேசியிருக்கணும். சரி, இப்ப சொல்லி என்ன.


நாட்காட்டி நடேசன் | ஜூலை 10, மாலை 7.25

ஆடியைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. கிரகப்பிரவேசம்தான் ஆடியில் வழக்கமில்லை. கடனும் பத்திரமும் கைமாறுவதற்கு யாரும் தடை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. ஆடிப்பெருக்கன்று நகையே வாங்குகிறோம். சாவியை வாங்கி, ஆவணியில் பால் காய்ச்சுங்கள்.

வெள்ளிக்கிழமை வேண்டாம் என்பதற்கு ஈலிங் அண்ணை சொல்லாத காரணம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நம்மூர் காலண்டரில் வெள்ளி ராகுகாலம் 10.30 முதல் 12. அது ஆறு மணிக்குச் சூரியன் உதித்து ஆறு மணிக்கு மறையும் கணக்கு. பகலை எட்டாகப் பிரித்தால் வெள்ளிக்கு நாலாவது பங்கு. அது உச்சிப்பொழுதில் முடியும். லண்டன் கோடையில் உச்சிப்பொழுதே கடிகாரப்படி ஒரு மணி. ஆகஸ்டில் போட்டுப் பாருங்கள், ராகுகாலம் 11.15 வாக்கில் தொடங்கி ஒரு மணி தாண்டித்தான் விடும். இங்கே வீட்டுக் காசு கைமாறுகிற நேரமும் அதேதான்.


ஈலிங் அண்ணை | ஜூலை 10, இரவு 8.00

அப்ப என்ர புட்டுக்குழல் போனது ராகுவாலையோ!


சவுத்ஹாரோ சித்ரா | ஜூலை 13, இரவு 9.15

பெரிய அப்டேட். சனிக்கிழமை திரைச்சீலைக்கு அளவெடுக்கற சாக்குல போனோம். ஏஜென்ட்தான் கதவு திறந்து விட்டார், ஆனா போன் வந்துச்சுன்னு வெளியே போயிட்டார். பெரியம்மா டீ போட்டுக் குடுத்தாங்க. ஹால் முழுக்க அட்டைப்பெட்டி. ஒவ்வொண்ணுலயும் மார்க்கர்ல எழுதியிருக்கு: "டெவன்", "மகளுக்கு". ஏழெட்டுப் பெட்டியில வெறும் "தெரியலை".

நான் மெதுவா, "8ஆம் தேதிக்கு என்னங்க விசேஷம்"னேன். அவங்க ஆச்சரியமாப் பாத்து, "உங்களுக்குத்தானே 8 வேணும்னு சொன்னாங்க?"ன்னாங்க!

எனக்கு டீ புரை ஏறிடுச்சு.

விஷயம் இதுதான். மகள் டீச்சர். பள்ளிக்கூட லீவு ஆகஸ்ட் கடைசி வரைக்கும். மகள் வந்து நின்னாத்தான் அம்மாவால வீடு மாத்த முடியும். அதனால அவங்களுக்கு வேண்டியது "ஆகஸ்டுக்குள்ள", அவ்வளவுதான். நான் கேட்ட 29ன்னா லீவோட கடைசி நாட்கள். பெட்டி பிரிச்சுக் குடுக்கக் கூட மகளுக்கு நேரமிருக்காது. அதுக்குத்தான் பயந்திருக்காங்க. டெவன் வீடு ஏற்கெனவே காலி. அங்க இருந்தவர் தவறிட்டார், வாரிசுங்க விக்கறாங்க, அவங்களுக்கு எந்தத் தேதியும் சரி. ஆக, செயின்ல யாருமே 8ஐக் கேட்கலை.


பத்திரக்கட்டு | ஜூலை 13, இரவு 9.40

எனக்கு ஆச்சரியமே இல்லை. ஏஜென்ட் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே தேதியைச் சொல்லி, ஆர் தலையாட்டுகினம் எண்டு பாக்கிறது உண்டு. கெட்ட மனிசர் எண்டும் சொல்லேலாது, தேதி ஒண்டு இல்லாட்டில் எல்லாரும் தூங்கி விடுவினம். சரி, இனி லோயர் மூலம் எழுத்திலை கேளுங்கோ. 17க்கும் 22க்கும் இடையிலை ஒரு நாள், வெள்ளி இல்லாமல். 25 திங்கள் வங்கி விடுமுறை, அந்தப் பக்கம் போகாதேங்கோ.


சவுத்ஹாரோ சித்ரா | ஜூலை 24, மாலை 5.20

எக்ஸ்சேஞ்ச் ஆயிடுச்சு!! கம்ப்ளீஷன் ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. சரியா 20 வேலை நாள். இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சு. கம்ப்ளீஷனுக்கு அப்புறமும் வாடகை வீட்டை மூணு வாரம் வெச்சுக்கறோம், அந்த நேரத்துல பெயிண்ட்.

குடுத்தது வாங்கினது கேட்டீங்கன்னா, பணம் எதுவும் கைமாறலை. மாடி அறையில ஒரு அலமாரி, அவ்வளவு பெரிசு, மாடிப்படி திரும்பற இடத்துல இறங்காது. அதை அங்கேயே விட்டுட்டுப் போறாங்க, உடைச்சு எடுக்க ஆள் வைக்கற செலவு மிச்சம். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. பின்பக்கம் இருக்கற ரோஜாச்செடி. அவங்க வீட்டுக்காரர் வெச்சதாம். கோடையில பிடுங்கினா செத்துடும், குளிர்காலத்துல இலை உதிர்ந்து தூங்கறப்பதான் வேரோட எடுக்கணும். அதனால நவம்பர்ல மகள் வந்து தோண்டி எடுத்துக்கலாம்னு ஒப்பந்தத்துல ஒரு வரி. எங்க சொலிசிட்டர் போன்ல ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்க, காதுல காத்தே அடிச்சுது.

அம்மாவுக்கு இப்ப புதுக் கவலை. 21 தேய்பிறையாம். சாவி தேய்பிறையில வாங்கலாம், பால் வளர்பிறையிலதான்னு சமாதானம் ஆச்சு. பிள்ளையார் சதுர்த்தி 27. அது முடிஞ்சு 29 காலையில.


குரோய்டன் மச்சான் | ஜூலை 24, மாலை 5.31

கடைசியில 29ஐ எப்படியோ உள்ள கொண்டு வந்துட்டீங்க. வாழ்த்துகள்.


மில்டன்கீன்ஸ் மாலா | ஜூலை 24, மாலை 6.00

இப்ப நோட்டீஸ் குடுங்க :)


சவுத்ஹாரோ சித்ரா | ஆகஸ்ட் 21, மாலை 6.45

படிக்கட்டுல உட்கார்ந்து எழுதறேன், நாற்காலி இன்னும் வரலை.

காலையில 10.20க்கு எங்க சொலிசிட்டர் பணம் அனுப்பிட்டேன்னார். 11.30க்கு ஒண்ணும் இல்ல. 12.45க்கு ஒண்ணும் இல்ல. எனக்கு ஈலிங் அண்ணையோட வான்தான் கண்ணு முன்னாடி. 1.55க்கு ஏஜென்ட் போன். சாவி கையில வாங்கினப்ப மணி 2.10.

அம்மா வீடியோ கால்ல காலண்டரைத் தூக்கிக் காட்டறாங்க. வியாழன் ராகுகாலம் 1.30 முதல் 3. நான் நடேசன் ஐயா சொன்ன கணக்கைப் போட்டேன்: இங்க சூரியன் உதிச்சது ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, அஸ்தமனம் எட்டு மணிக்கு மேல, வியாழனுக்கு ஆறாவது பங்கு, அப்படின்னா 2.50க்குத்தான் தொடக்கம். அம்மா ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம், "அங்க சூரியன் எட்டு மணிக்கா மறையுது? அப்ப விளக்கு எப்படி ஏத்துவே?"ன்னாங்க. தப்பிச்சேன்.

மீட்டர் ரீடிங் எல்லாம் போட்டோ எடுத்தாச்சு.


பத்திரக்கட்டு | ஆகஸ்ட் 21, மாலை 7.00

வாழ்த்துகள் தங்கச்சி. ஸ்டாம்ப் டியூட்டி 14 நாளுக்குள்ளை கட்டவேணும். முதல் வீடு வாங்கிறவைக்கு 300,000க்கு மேலை உள்ள 145,000க்கு 5 சதவீதம், 7,250. லோயர்தான் கட்டுவார், ஆனா கட்டினதுக்கு ரசீதைக் கேட்டு வாங்கி வையுங்கோ. மார்ச்சுக்குள்ளை முடிச்சிருந்தால் 425,000 வரைக்கும் வரியில்லை, 1,000தான் வந்திருக்கும். அதை நினைச்சு நித்திரை கெடாதேங்கோ, நீங்கள் ஏப்ரலிலைதானே பேசினனீங்கள்.


சவுத்ஹாரோ சித்ரா | ஆகஸ்ட் 21, மாலை 7.20

சொல்லாமலே இருந்திருக்கலாம் அண்ணா :(

பெரியம்மா சமையலறை மேடையில கொட்டில் சாவியை வெச்சு, கீழ ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்காங்க. ரோஜாவுக்குத் திங்களும் வியாழனும் தண்ணி, வேருக்கு மட்டும், இலை மேல படக்கூடாது. இன்னிக்கு வியாழன். ஊத்திட்டு வரேன்.